கண்ணில் உண்டாகும் பூசணப் புண்: மருந்துகளைச் சேர்த்து அளித்தல் பற்றிய விளக்கம்

விருதுநகர் ஜில்லா திருச்சுழித் தாலுகாவிலுள்ள எம்.ரெட்டியபட்டியும் அதைச் சூழ்ந்த கிராமங்களும், அருப்புக்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதியும் மானாவாரிச் சாகுபடியை நம்பியவை. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைக்கப்படும் கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து முதலியன மார்கழி முதல் மாசி வரையில் அறுவடையாகிக் களத்துக்கு வருகின்றன. அதனை அடுத்துப் பருத்தி எடுத்தல், மிளகாய்ப் பழம் பறித்தல், பருத்தி மாறு பிடுங்குதல், வேலிக்கருவை வெட்டுதல் ஆகிய வேலைகள் தொடருகின்றன. கதிரின் சுணை, உமி, தூசி, தட்டையின் நுனி, முள் முதலியவை கண்ணிற் படுவது இவ்வேலைகளில் சாதாரணமாக நிகழ்வதே. பெரும்பாலான சமயங்களில் கண் சற்று நேரம் நீர் வடித்துத் தானே தெளிந்துவிடும். சிற்சில சமயங்களிலோ, நாலைந்து தினங்கள் கழித்துக் கருவிழியின்மேல் வெண்ணிறப் புள்ளி ஒன்று தோன்றி, நாளடைவில் பரவி, பார்வையையே போக்கிவிடுகிறது. குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர் கண்ணை இழப்பாராயின், ஒரு வருஷத்து மகசூல் போனதைக் காட்டிலும் அது பெரிய நஷ்டமாகும்.

இவ்விதப் புண்ணுக்கு அனேக சந்தர்ப்பங்களில் காரணமாயிருப்பது பூசணமே. இதற்குச் சிகிச்சை பெறப் போகும் குடியானவர்களும் அவர்களை அழைத்துச் செல்வோரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு மருந்துக்குப் பதிலாக இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் குணமாகாதா என்பதே அது. நியாயமான இக்கேள்விக்கு மதுரையிலும் பிற தேசங்களிலும் நடந்த பரீட்சைகள் தெளிவான விடை தந்திருக்கின்றன. அவ்விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் காரணமும் பரவலும்

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் அமைந்த மெல்லிய மூடி. அதன் மேல்தோல் பழுதின்றி இருக்கும் வரையில் பூசண வித்துக்கள் அதில் வேரூன்ற இயலாது. சுணையோ முள்ளோ கீறிய இடத்தில் மேல்தோல் நீங்கிவிடுவதால், அப்பொருளோடு ஒட்டிவந்த வித்துக்கள் உள்ளே தங்கி முளைக்கின்றன. இவற்றுள் முக்கியமானவை புசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் இரண்டு இனங்கள். இவை விவசாயிகளுக்குப் புதியவை அல்ல. பருத்தியிலும் துவரையிலும் வாடல் நோயை விளைவிப்பது புசேரியம் இனத்தைச் சேர்ந்ததே. ஈரம் காயாமல் சேமித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பச்சையாகப் படர்வது ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்தது. மண்ணிலும் சருகிலும் வாழும் இவ்வினங்கள் கண்ணிலும் வாழக்கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதுரை ஜில்லாவில் 1993-ஆம் வருஷத்தில் 10,000 பேருக்கு 11.3 பேர் வீதம் கருவிழிப் புண்ணுக்கு ஆளானதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 ஜனவரி முதல் மார்ச்சு முடிய மூன்று மாதங்களில், அதாவது அறுவடைக் காலத்தில், கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேர் பரிசோதிக்கப்பட்டனர். இவர்களில் 284 பேர் கண்ணில் முன்னர் அடிபட்டதைத் தெரிவித்தனர். புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த பொருளில் கிருமி வளர்ந்தது 297 பேருக்கு. அவர்களுள் 140 பேருக்குப் பாக்டீரியாவும், 139 பேருக்குப் பூசணமும், 15 பேருக்கு இவ்விரண்டும், 3 பேருக்கு அக்காந்தமீபா என்னும் ஒருசெல் உயிரும் காணப்பட்டன. பூசணங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானது புசேரியம்.

இவ்விவரத்திலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. நம் பிரதேசத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பூசணமும் பாக்டீரியாவும் ஏறக்குறையச் சரிபாதி காரணம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒத்திருக்கும், மருந்தோ வெவ்வேறு. ஆகையால் புண்ணைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு திராவகம் இட்டு பூதக்கண்ணாடியில் பார்த்த பின்னரே வைத்தியர் மருந்தைத் தீர்மானிக்கிறார். இச்சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. இதனைச் செய்யாமல் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை இட்டுக்கொண்டிருப்பது, நோய் இன்னதென்று அறியாமல் வயலில் மருந்து தெளிப்பதற்குச் சமானமாகும்.

கலவை மருந்தின் தத்துவம்

மருந்துகளைக் கலந்து உபயோகிப்பது விவசாயிகளுக்குப் பழக்கமான காரியம். அதில் மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, ஒன்றன் தீங்கை மற்றொன்று தணிப்பது. 1885-இல் பிரான்ஸ் தேசத்தில் மில்லார்டே என்னும் பேராசிரியர் திராட்சைக் கொடியின் நோய்க்கு வெளியிட்ட போர்டோ கலவை இதற்கு உதாரணம். மயில்துத்தத்தை மட்டும் கரைத்துத் தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு சேர்த்தால் இலை தப்பும், நோயும் அடங்கும்.

இரண்டாவது, ஒன்று செய்ய இயலாததை மற்றொன்று செய்வது. கம்பின் அடிச்சாம்பல் நோய் போன்றவற்றுக்கு எதிரான மெட்டலாக்சில், செடியின் உள்ளே ஊடுருவி வேலை செய்வது. ஆயினும் அது ஒரே இடத்தில் தாக்குவதால் நோயுயிர் அதற்கு விரைவில் பழகிவிடுகிறது. 1980-இல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்குப் பயிரில் அம்மருந்து பயன்படாமற் போனது இதனாலேயே. அதன் பின்னர், இலையின் வெளியே தங்கிப் பல இடங்களில் தாக்கும் மாங்கோசெப்புடன் அதனைச் சேர்த்துத் தெளிக்கும் வழக்கம் பரவியது.

மூன்றாவது, காரணமின்றிக் கலப்பது. சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையுடன் சில பூச்சிமருந்துகளைக் கலந்தால், காரத்தன்மையால் பூச்சிமருந்தின் வீரியம் கெட்டுவிடும். இதில் செலவு இரட்டிப்பாகுமேயன்றிப் பலன் இரட்டிப்பாவதில்லை.

மனித தேகத்துக்கும் இம்மூன்று நிலைகள் அப்படியே பொருந்தும். எந்தச் சேர்க்கை எந்த நிலையைச் சார்ந்தது என்பதை யூகத்தால் அறிய முடியாது. பரீட்சையாலேயே அறிய முடியும்.

பூசணத்தைக் கொல்லும் மருந்துகள்

பூசணத்தின் செல்லைச் சூழ்ந்த சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் உண்டு. செங்கற்களைப் பிணைக்கும் சாந்துபோல் இது சவ்வை நிலைநிறுத்துகிறது. மனிதனுடைய செல்லில் இப்பொருள் இல்லையாதலால், பூசண மருந்துகளிற் பல இதனையே குறிவைக்கின்றன.

நடாமைசின் என்னும் மருந்து 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்து மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. இது எர்கோஸ்டெராலுடன் ஒட்டிப் பூசணத்தைக் கெடுக்கிறது. 5 சதவிகிதச் சொட்டு மருந்தாகக் கண்ணில் இடப்படும் இது நீரில் கரையாத வெண்பொடியாதலால், ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்கியே இடவேண்டும். புண்ணின்மேல் நன்கு தங்கும். ஆழத்துக்கு அதிகமாய் இறங்காது.

ஆம்போடெரிசின் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது சவ்வில் துவாரங்களை உண்டாக்குகிறது. வோரிகோனசோல், புளுகோனசோல் முதலியன அசோல் வகுப்பைச் சேர்ந்தவை. இவை எர்கோஸ்டெரால் உற்பத்தியாவதையே தடுக்கின்றன. புளூசைட்டோசின் என்பது செல்லினுள் புகுந்து, அது பெருகுவதற்கு வேண்டிய கருப்பொருள் உண்டாகாமல் செய்கிறது.

நடாமைசினையும் அசோலையும் சேர்த்தால், சாந்தை இடிப்பவனும் சாந்து குழைப்பதைத் தடுப்பவனும் ஒன்று சேர்ந்தது போலாகும் என்று ஒருவர் வாதிக்கலாம். சாந்தே குறைந்துவிட்டால் இடிப்பவனுக்குப் பிடிப்பு ஏது என்று மற்றொருவர் மறுக்கலாம். இரு வாதங்களும் அறிவுக்கு ஒத்தவையே. ஆகவேதான் பரீட்சை தேவைப்பட்டது.

மதுரையில் நடந்த பரீட்சைகள்

அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா முதலியோரும், அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பிராக்டர் ஸ்தாபனத்தாரும் கூடி இரண்டு பெரிய பரீட்சைகளை நடத்தினர்.

2013-இல் வெளியான முதற் பரீட்சையில் 323 நோயாளிகள் சேர்ந்தனர். ஒரு பாதியாருக்கு நடாமைசின் சொட்டும், மற்றப் பாதியாருக்கு வோரிகோனசோல் சொட்டும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. விழித்திருக்கும் வேளையில் முதல் வாரம் மணிக்கு ஒரு முறையும், பின்னர் மூன்றாவது வாரம் முடிய இரண்டு மணிக்கு ஒரு முறையும் மருந்து இடப்பட்டது. வோரிகோனசோல் புதிய மருந்து; கண்ணினுள் நன்கு ஊடுருவக்கூடியது; ஆகையால் அதுவே மேலானதாயிருக்கும் என்று பலர் கருதியிருந்தனர். நடந்ததோ நேர்மாறு. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, நடாமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் ஏறக்குறைய இரண்டு வரிகள் அதிகமாகப் படித்தனர். கருவிழி துளைபட்டவர்களும், மாற்றுக் கருவிழி பொருத்த வேண்டியவர்களும் அவர்களிற் குறைவு. புசேரியத்தால் உண்டான புண்ணில் வித்தியாசம் ஏறக்குறைய நான்கு வரிகளாக இருந்தது.

இரண்டாவது பரீட்சையே சேர்க்கை மருந்தைப் பற்றியது. 2016-இல் இதன் முடிவு வெளியாயிற்று. புண் முற்றிப் பார்வை மிகவும் மங்கிய 240 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் சொட்டு மருந்து உண்டு; ஆரம்பத்தில் வோரிகோனசோல் சொட்டும், முதற் பரீட்சையின் முடிவு தெரிந்த பின் அதனுடன் நடாமைசின் சொட்டும் இடப்பட்டன. இவர்களில் 119 பேருக்கு இவற்றுக்கு மேலாக வோரிகோனசோல் மாத்திரையும், 121 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் தரப்பட்டன. கருவிழி துளைபடுவதைத் தடுப்பதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மாத்திரை உண்டவர்களுக்கு ஈரல் சம்பந்தமான கோளாறு முதலிய தீங்குகளே அதிகமாயின. புசேரியம் கண்டவர்களுக்கு மட்டும் சிறிது நன்மை இருக்கக்கூடும் என்னும் குறிப்பு தென்பட்டது.

மாத்திரை பலிக்காவிட்டால் ஊசி மூலம் மருந்தைக் கருவிழிக்குள்ளேயே செலுத்தினால் என்ன என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டது. 2019-இல் வெளியான, 70 பேரைக் கொண்ட அரவிந்த் பரீட்சையில், நடாமைசின் சொட்டுடன் வோரிகோனசோலை ஊசியால் கருவிழிக்குள் செலுத்தியதால் தனிப் பலன் ஏதும் கிடைக்கவில்லை.

இவற்றால் அறியத்தக்கது யாதெனில், சரியான ஒரு மருந்தை, சரியான காலத்தில், விடாமல் இடுவதே கருவிழிப் பூசணப் புண்ணுக்கு முதற்சிகிச்சை என்பதாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல் நடாமைசினை அவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது. ஆழமாகப் பரவிய புண்ணில் வைத்தியர் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதுண்டு. பாக்டீரியாவும் கலந்திருந்தால் அதற்குத் தனி மருந்தும் இடுவதுண்டு. அது புண்ணைப் பார்த்துப் பரிசோதித்தவர் தீர்மானிக்க வேண்டியதேயன்றி, நோயாளி கேட்டுப் பெறவேண்டியதன்று.

சேர்த்து அளித்தால் உயிர் காக்கும் இடம்

ஆயின் சேர்க்கை மருந்தே வீண் என்று எண்ணலாகாது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூசணத்தால் மூளையின் உறையில் அழற்சி உண்டாகிறது. உயிரைக் கவரும் இந்நோய்க்கு வியட்நாம் தேசத்தில் 299 பேரைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஆம்போடெரிசின் மட்டும் பெற்றவர்களில் 70 தினங்களுக்குள் 44 பேர் இறந்தனர். ஏறக்குறைய அதே எண்ணிக்கையுள்ள மற்றொரு பிரிவில் ஆம்போடெரிசினும் புளூசைட்டோசினும் சேர்த்துப் பெற்றவர்களில் இறந்தவர் 30 பேர். புளூசைட்டோசினைத் தனியே கொடுத்தால் பூசணம் விரைவில் அதற்குப் பழகிவிடும். ஆம்போடெரிசின் சவ்வைத் துளைத்து வழிவிட, புளூசைட்டோசின் உள்ளே சென்று பெருக்கத்தை நிறுத்துகிறது. கலவையின் இரண்டாவது நிலைக்கு இது நல்ல உதாரணம்.

அதே பரீட்சையில் ஆம்போடெரிசினுடன் புளுகோனசோலைச் சேர்த்துப் பெற்ற மூன்றாவது பிரிவினருக்கு, ஆம்போடெரிசின் மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் உயிர் பிழைப்பதில் நிச்சயமான அனுகூலம் தெரியவில்லை. துணை சேர்ப்பது மட்டும் போதாது, எந்தத் துணை என்பதே முக்கியம் என்று இதனால் விளங்கும். பின்னர் ஆப்பிரிக்காவில் நடந்த பரீட்சையை ஆதாரமாகக் கொண்டு, கொழுப்பில் பொதிந்த ஆம்போடெரிசினை ஒரே வேளை அதிக அளவில் ஏற்றி, அதனுடன் புளூசைட்டோசினையும் புளுகோனசோலையும் 14 தினங்கள் கொடுக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் சிபாரிசு செய்தது.

கிராமத்தில் செய்த தடுப்பு வேலை

புண் உண்டான பின் ஆற்றுவதைக் காட்டிலும், சிராய்ப்பு நிலையிலேயே தடுப்பது மேல். மதுரை ஜில்லாவில் ஏறக்குறைய 48,000 ஜனங்கள் வாழும் கிராமங்களில், பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்களைக் கொண்டு 18 மாதங்கள் நடந்த ஒரு முயற்சியின் விவரம் 2006-இல் வெளியாயிற்று. 1,365 பேர் கண்ணில் அடிபட்டதாகத் தெரிவித்தனர். அவர்களுள் கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்டுச் சிகிச்சைக்குத் தகுதியான 374 பேருக்கு, தினம் மூன்று வேளை வீதம் மூன்று தினங்கள் களிம்பு இடப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பாக்டீரியாவுக்கான குளோராம்பெனிக்காலும் பூசணத்துக்கான குளோட்ரிமசோலும் சேர்த்தும், மற்றப் பிரிவினருக்குக் குளோராம்பெனிக்கால் மட்டிலும் இடப்பட்டன. மொத்தத்தில் 368 பேருக்குச் சிராய்ப்பு சிக்கலின்றி ஆறிற்று. இங்கும் பூசண மருந்தைச் சேர்த்ததால் அதிகப் பலன் காணப்படவில்லை. கீறலை உடனே கவனித்துச் சுத்தமாக ஆறவிட்டதே இதில் முக்கியமாக எண்ணத்தக்கது.

நேபாளத்தில் இதேபோன்ற ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்து பார்த்து, 2022-இல் முடிவை வெளியிட்டபோது, புண்களின் மொத்த எண்ணிக்கை அங்கே குறையவில்லை. ஆதலின் களிம்பு ஒன்றே போதுமென்று நம்பியிராமல், கண்ணைக் காத்துக்கொள்வதிலும் காலத்தில் வைத்தியரிடம் செல்வதிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

வயல் மருந்தும் வைத்திய மருந்தும்

வயலில் தெளிக்கும் புரோபிகோனசோல், டெபுகோனசோல் முதலியனவும், நோயாளிக்குத் தரும் வோரிகோனசோல் முதலியனவும் ஒரே அசோல் வகுப்பைச் சேர்ந்தவை. அசோலுக்கு அடங்காத ஆஸ்பர்ஜில்லஸ் வகை நெதர்லாந்து தேசத்தில் நோயாளிகளிடமும் மண்ணிலும் காணப்பட்டது. இந்தியாவின் மண்ணிலும் அது இருப்பதை 2012-இல் டில்லி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். வயலில் அவசியமின்றியும் அளவுக்கு மீறியும் அசோல் மருந்துகளைத் தெளிப்பது, பிற்காலத்தில் மனிதனுக்கு உதவவேண்டிய மருந்தின் வீரியத்தைக் குறைக்கக்கூடும். சிபாரிசு செய்த அளவையும் தவணையையும் மீறாதிருத்தல் பயிருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

1. கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்போரும், களத்தில் தூற்றுவோரும், வேலிக்கருவை வெட்டுவோரும் பக்கங்களையும் மறைக்கும் கண்ணாடி அணிதல் நலம். வேலைக்கு ஆள் வைக்கும் நிலச்சுவான்தார்கள் இதனைத் தம் செலவில் வாங்கி வைத்திருக்கலாம்.

2. கண்ணில் தூசி விழுந்தால் கசக்கலாகாது. சுத்தமான நீரால் கழுவ வேண்டும். நாக்கால் எடுத்தல், சேலைத் தலைப்பாலோ துண்டின் நுனியாலோ துடைத்தெடுத்தல் ஆகியவை கீறலைப் பெரிதாக்கி, வாயிலும் துணியிலும் உள்ள கிருமிகளையும் கண்ணுக்குள் ஏற்றும்.

3. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடலாகாது. இவற்றால் புண் ஆறுவதில்லை. கிருமி சேர்வதும் காலம் கழிவதுமே மிச்சம்.

4. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி இடுதல் மிகவும் அபாயகரம். அது சிவப்பையும் வலியையும் தணித்துக் குணமானதுபோல் காட்டும்; உள்ளே பூசணம் தடையின்றிப் பரவும்.

5. கண் சிவத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல், கருவிழியில் வெண்மையான அல்லது சாம்பல் நிறமான புள்ளி ஆகிய குறிகள் கண்டால் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். பூசணப் புண்ணில் ஆரம்பத்தில் வலி குறைவாயிருக்கக்கூடுமாதலால், வலியில்லை என்று அறுவடை முடியும் வரை காத்திருத்தல் தவறு. எம்.ரெட்டியபட்டிப் பகுதியினர் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேற்கொண்டு சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையும் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர் தூரமே.

6. மருந்தை மணிக்கொரு முறை இடவேண்டியிருப்பதால், வீட்டில் ஒருவர் அதற்கென்றே பொறுப்பேற்க வேண்டும். புண் ஆறத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடலாகாது. வைத்தியர் சொல்லும் வரையில் இடவேண்டும்.

7. கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும், கிராம சுகாதாரச் செவிலியரும் மார்கழி மாதத்திலேயே களங்களில் இவற்றை எடுத்துரைக்கலாம். ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம் முதலிய பொது இடங்களின் சுவரில் எழுதி வைக்கலாம். கண்ணில் அடிபட்ட கூலியாள் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால், அவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வண்டிக்கு ஏற்பாடு செய்தல் எல்லாவற்றிலும் பெரிய உதவியாகும்.

மருந்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பிழைத்த கண்களைவிட, நாட்களை வீணாக்காததால் பிழைத்த கண்களே அதிகம். விதைப்புக்குப் பருவம் தவறலாகாது என்பதைக் கரிசல் பூமிக் குடியானவருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணின் சிகிச்சைக்கும் அதே விதியைக் கைக்கொண்டால், பூசணப் புண்ணால் பார்வை இழப்போரின் தொகை இப்பகுதியில் குறையும் என்பதற்கு ஐயமில்லை.